27 அங்குலச் சீட்டும் 16 பொத்தான்களும்

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் நமது கைக்கு வந்த வாக்குச்சீட்டின் நீளம் 27 அங்குலம். 38 வேட்பாளர்கள், மூன்று மொழிகளில் பெயர்கள். அப்படியொரு சீட்டைக் கண்டபிறகு கொழும்பில் ஒரு பேச்சு எழாமல் இருக்குமா? "பக்கத்து நாட்டில பட்டனை அமத்திப்போட்டு வீட்ட போகினம், நாங்கள் இன்னும் கடதாசியைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம்." எதிர்ப்பேச்சும் ஒரே வரிதான்: "மெஷின் எண்டால் ஹாக் பண்ணிப்போடுவாங்கள்." இரண்டு வரியையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்த மெஷினை வெள்ளவத்தைப் பாடசாலை மண்டபம் ஒன்றில் கொண்டுவந்து வைத்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

இந்தியாவின் இயந்திரம் மூன்று துண்டுகள் கொண்டது. அலுவலரின் மேசையில் இருப்பது கட்டுப்பாட்டு அலகு. மறைப்புக்குள் வாக்காளர் அமத்துவது வாக்களிப்பு அலகு. அதன் பக்கத்தில், அமத்திய சின்னத்தைத் துண்டுச்சீட்டில் அச்சடித்துக் காட்டும் 'விவிபாட்'. பெங்களூரின் பெல், ஐதராபாத்தின் ஈசிஐஎல் என்ற இரண்டு அரச நிறுவனங்கள்தான் இவற்றைச் செய்கின்றன. ஒரு வாக்களிப்பு அலகில் 16 பொத்தான்கள். 38 பேருக்கு மூன்று அலகுகளைப் பக்கம் பக்கமாக வைக்கவேண்டும். 'எம்3' என்ற புதிய தலைமுறையில் 24 அலகுகள் வரை தொடுக்கலாம் என்பதால் இது தொழில்நுட்பத் தடை அல்ல. 27 அங்குலச் சீட்டு 3 பெட்டியாகிறது, அவ்வளவுதான்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. அலுவலர் ஒருமுறை 'பலட்' பொத்தானை அமத்தினால் இயந்திரம் ஒரே ஒரு அமத்தலை ஏற்றுக்கொண்டு பூட்டிக்கொள்ளும். நமது ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பத்தெரிவு இடலாம். 2024இல் எவருக்கும் 50 சதவீதம் கிடைக்காததால் வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாவது எண்ணிக்கை நடந்தது. அதில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 105,264, சஜித் பிரேமதாசவுக்கு 167,867 விருப்பங்கள் சேர்ந்தன. அந்தத் தொகைகளை இந்திய இயந்திரத்தால் பதிவே செய்ய முடியாது. இந்தியாவிலேயே குடியரசுத் தலைவர் தேர்தலும் மாநிலங்களவைத் தேர்தலும் இன்றைக்கும் கடதாசியில் நடப்பதற்கு விருப்பத்தெரிவு முறைதான் காரணம். நமது பாராளுமன்றத் தேர்தல் இதைவிடச் சிக்கல்: முதலில் கட்சி, பிறகு அதே பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. 2024 நவம்பரில் கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனங்கள், ஆகவே ஒரு பட்டியலில் 21 பெயர்கள். "இந்தியாவிடம் வாங்கிவிடலாம்" என்பவர்கள் முதலில் பதில் சொல்லவேண்டியது இதற்குத்தான். பாதுகாப்புப் பேச்சு அதற்குப் பிறகு.

ஆனாலும் அந்த இயந்திரத்தை விளங்கிக்கொள்வது வீண்வேலை அல்ல. இங்கே எவ்வகை இயந்திரம் வந்தாலும் அது சந்திக்கப்போகும் சிக்கல்களில் பெரும்பகுதியை இந்தியா ஏற்கெனவே சந்தித்திருக்கிறது. 1982இல் கேரளத்தின் பறவூர் தொகுதியில் 50 நிலையங்களில் தொடங்கிய கதை அது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு சட்டம் திருத்தப்பட்டு, 2004இல் மக்களவைத் தேர்தல் முழுவதும் இயந்திரத்துக்கு மாறியது. விவிபாட் முதலில் வந்தது 2013 செப்டெம்பரில், நாகாலாந்தின் நொக்சென் இடைத்தேர்தலில்.

அங்கே ஒரு நிலையத்தின் காலை இப்படித் தொடங்கும். வாக்களிப்புக்கு 90 நிமிடம் முன்பு, முகவர்கள் பார்க்க, மாதிரி வாக்களிப்பு. குறைந்தது 50 வாக்குகள், ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒன்றாவது விழவேண்டும். பிறகு 'குளோஸ்', 'ரிசல்ட்', 'கிளியர்' என்ற மூன்று பொத்தான்களை இந்த ஒழுங்கில் அமத்தவேண்டும். இயந்திரத்தின் தொகையைத் துண்டுச்சீட்டுகளோடு ஒப்பிட்டபின், அந்தச் சீட்டுகளுக்கு மாதிரி வாக்கு என்று முத்திரை குத்திக் கறுப்பு உறையில் இட்டு முத்திரையிடுவார்கள்.

பிழை நேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 'கிளியர்' அமத்த மறந்துவிட்டால் 50 மாதிரி வாக்கும் உண்மை வாக்குகளோடு கலந்துவிடும். சீட்டுப்பெட்டியை வெறுமையாக்க மறந்தால் இயந்திரம் ஒரு தொகை சொல்லும், சீட்டு வேறொன்று சொல்லும். அப்படிப்பட்ட இயந்திரங்களை எண்ணும் நாளில் ஒதுக்கிவைப்பார்கள். 2024 மக்களவைத் தேர்தல் காலத்து விதிப்படி, வெற்றி வித்தியாசம் அந்த நிலையங்களின் மொத்த வாக்குகளைவிடக் குறைவாக இருந்தால்தான் அவற்றின் துண்டுச்சீட்டுகளை எண்ணினார்கள். சதியே இல்லை, விடியற்காலையில் எழும்பி வந்த ஒரு ஆசிரியரின் களைப்பு, அவ்வளவுதான். ஆனால் மாலையில் சமூக ஊடகத்தில் அது சதியாகத்தான் தெரியும்.

விவிபாட்டுக்குத் தனிக் குணம் ஒன்று உண்டு: வெளிச்சம் பிடிக்காது. உள்ளே சீட்டைக் கவனிக்கும் உணரியின் மேல் நேர் ஒளி பட்டால் அது குழம்பிப் பிழை காட்டும். அதனால்தான் மின்விளக்குக்கு நேர் கீழேயோ யன்னலுக்கு எதிரேயோ வைக்கக்கூடாது என்பார்கள். 2018இல் உத்தரப் பிரதேசத்தின் கைரானா இடைத்தேர்தலில் இவை கூட்டமாகப் பழுதாகி, 73 நிலையங்களில் மறுவாக்களிப்பு நடத்த நேர்ந்தது. அச்சடிப்பது வெப்ப உணர்வுத் தாளில், நமது சூப்பர் மார்க்கெட் பில் போல. அந்த பில்லைக் காரின் முன்கண்ணாடிக்கடியில் நாலு நாள் வைத்துப் பாருங்கள், கொழும்பு வெயிலுக்கும் ஈரத்துக்கும் அது எப்படி வெளிறுகிறது என்று. சாட்சியாக வைத்திருக்கவேண்டிய கடதாசிக்கு அது நல்ல குணம் அல்ல.

பற்றரியைப் பற்றி ஒரு சிறு விலகல். 2024 ஒக்டோபரில் ஹரியானாத் தேர்தலுக்குப் பிறகு, "நாள் முழுக்க ஓடிய இயந்திரம் எப்படி 99 சதவீதம் காட்டும்?" என்ற சந்தேகம் எழுந்தது. கட்டுப்பாட்டு அலகுக்கு 7.5 வோல்ட் பற்றரி. மின்னழுத்தம் 7.4க்கு மேல் இருக்கும்வரை திரை 99 என்றே காட்டும், அதற்குக் கீழே இறங்கினால்தான் உண்மையான எண் தெரியும். விளக்கம் எளிது. ஆனால் எண்ணும் மண்டபத்தில் நின்ற எத்தனை முகவர்களுக்கு அது முன்கூட்டித் தெரியும்?

இனி உண்மையான தாக்குதல்கள். 'இணையத்தில் தொடுக்கவில்லை, ஆகவே பாதுகாப்பானது' என்பதும், 'சிப்பில் ஒருமுறை எழுதினால் பிறகு மாற்ற முடியாது' என்பதும் இந்தியத் தரப்பின் இரண்டு பெரிய வாதங்கள். 2010இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ரொப் கொங்ரைப் ஆகியோர் அடங்கிய கணினிப் பாதுகாப்பு ஆய்வுக் குழு பழைய தலைமுறை இயந்திரம் ஒன்றை எடுத்து, இரண்டையும் சுற்றிக்கொண்டு போய்க் காட்டியது. முதல் வழியில் அந்தச் சிப்பைத் தொடவே இல்லை. முடிவைக் காட்டும் திரைப் பலகையைக் கழற்றி, அதே தோற்றமுள்ள வேறொன்றைப் பொருத்தினார்கள். அதற்குள் ஒரு சின்னஞ்சிறு சிப்பும் புளூடூத்தும். உள்ளே உண்மைத் தொகை அப்படியே இருக்கும், வெளியே வேறு தொகை தெரியும். இரண்டாவது வழி, வாக்களிப்புக்கும் எண்ணிக்கைக்கும் இடைப்பட்ட நாட்களுக்கானது: வாக்குகள் தங்கியிருக்கும் நினைவகச் சிப்பின் கால்களில் ஒரு சிறு கவ்வியை மாட்டி எண்களை மாற்றி எழுதுவது. இயந்திரம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டு ஹரி பிரசாத்தை அந்த ஆண்டு ஓகஸ்டில் கைது செய்தார்கள். அதற்குப் பின் வந்த எம்3, பெட்டியைத் திறந்தாலே செயலிழந்துவிடும்படி செய்யப்பட்டது. அது நல்ல திருத்தம், மறுப்பதற்கில்லை.

ஆனால் விவிபாட் வந்தபோது இன்னொரு கதவு திறந்தது. முன்பு வாக்களிப்பு அலகும் கட்டுப்பாட்டு அலகும் நேரே தொடுக்கப்பட்டிருந்தன. இப்போது நடுவில் விவிபாட் இருக்கிறது, வாக்காளர் அமத்திய சைகை அதன் வழியாகத்தான் போகிறது. அதற்குள் வேட்பாளரின் பெயரையும் சின்னத்தையும் ஏற்றவேண்டும். ஒரு கணினியிலிருந்து சின்னம் ஏற்றும் கருவிக்கு, கருவியிலிருந்து விவிபாட்டுக்கு. அதுவும் வேட்பாளர் பட்டியல் முடிவானபிறகு, எந்த இயந்திரம் எந்தத் தொகுதிக்கு என்று தெரிந்தபிறகு. ஏறுவது படம் மட்டுமே என்கிறது இந்தியத் தேர்தல் ஆணையம். இருக்கலாம். ஆனாலும் 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் அந்தக் கருவிகளை முடிவுக்குப் பின் 45 நாள் முத்திரையிட்டு வைக்கும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது. தனிமையில் நின்ற இயந்திரம் இப்போது முழுத் தனிமையில் இல்லை என்பது அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

"மாதிரி வாக்களிப்பில் சரியாக வந்ததே" என்று சிலர் நிம்மதி கொள்வதுண்டு. சோதனை நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் மென்பொருளுக்கு அந்த நிம்மதி எதையும் செய்யாது. 2015இல் வோக்ஸ்வாகன் டீசல் கார்கள் ஆய்வுகூடத்தில் ஒரு புகை, தெருவில் வேறு புகை விட்டு அகப்பட்டதை நினைத்துப் பாருங்கள். 50 வாக்கு வரை ஒழுங்காக இருந்து, பகல் 11 மணிக்குப் பிறகு வேலையைக் காட்டும்படி எழுதுவது பெரிய வித்தை அல்ல. இயந்திரத்திடமே "உனக்குள் இருப்பது சரியான மென்பொருள்தானா?" என்று கேட்டு, அது தரும் கையொப்ப எண்ணைச் சரிபார்ப்பதும் அப்படித்தான். பொய் சொல்லத் தெரிந்த மென்பொருள் அந்த எண்ணையும் சொல்லும்.

தாக்குதலே இல்லாத கதைதான் எமக்கு எல்லாவற்றையும்விட அதிகம் கற்றுத்தருகிறது. 2003 மே 18, பெல்ஜியத்தின் ஸ்கார்பேக். ஒரு வேட்பாளருக்கு இருக்கவேண்டியதைவிட 4,096 வாக்குகள் கூட. வாக்குகள் பதிந்திருந்த காந்த அட்டைகளைத் திரும்பவும் வாசித்தபோது மற்ற எல்லா எண்களும் சரி, இது மட்டும் 4,096 குறைந்தது. 4,096 என்பது 2இன் 12ஆம் அடுக்கு. கணினி நினைவகத்தில் ஒரேயொரு பிட் 0 இலிருந்து 1 ஆகப் புரண்டிருக்கிறது. விண்வெளியிலிருந்து வந்த துகள் ஒன்றாக இருக்கலாம் என்பார்கள், நிரூபிக்கப்படவில்லை. எப்படி அகப்பட்டது? அந்த வேட்பாளருக்கு வந்த வாக்கு, வரச் சாத்தியமான தொகையைத் தாண்டிவிட்டது. அதற்கு ஏழு இடம் கீழேயுள்ள பிட் புரண்டிருந்தால் கூடுவது 32 வாக்கு மட்டுமே. ஒருவர் கண்ணிலும் பட்டிராது.

ஆகவே 'ஹாக் பண்ணலாமா' என்று கேட்பதில் பயனில்லை. பிழைத்தால் எப்படித் தெரியவரும் என்று கேட்கவேண்டும். கணினி வல்லுநர்களான ரொனால்ட் ரிவெஸ்டும் ஜோன் வாக்கும் 2006இல் இதற்கு ஒரு அளவுகோல் வகுத்தார்கள்: மென்பொருளில் யாருக்கும் தெரியாமல் நேர்ந்த மாற்றமோ பிழையோ, முடிவில் யாருக்கும் தெரியாத மாற்றத்தை உண்டாக்கக்கூடாது. ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச் 3 தீர்ப்பில் இதையே சாதாரண மனிதரின் பக்கத்திலிருந்து சொன்னது. தொழில்நுட்ப அறிவு எதுவும் இல்லாத குடிமகனும் எண்ணிக்கையின் முக்கிய படிகளைச் சரிபார்க்க முடியவேண்டும். அங்கே பாவித்த நெடாப் இயந்திரங்கள் அத்தோடு போயின. அதே நெடாப்பை நெதர்லாந்தில் ஓர் ஆர்வலர் குழு சதுரங்கம் விளையாட வைத்தது. திரையிலிருந்து கசியும் வானொலி அலையைக் கொண்டு, வாக்காளர் எந்தக் கட்சியைப் பார்க்கிறார் என்று தள்ளி நின்றே அறியலாம் என்றும் காட்டியது. நெதர்லாந்து 2008இல் கடதாசிக்கும் பென்சிலுக்கும் திரும்பியது. அயர்லாந்து 5 கோடி யூரோவுக்கு மேல் கொட்டி வாங்கி, 2002இல் சில தொகுதிகளில் மட்டும் பாவித்து, 2012இல் பழைய இரும்பாகத் தள்ளியது.

விவிபாட் அந்த அளவுகோலுக்குக் கிட்ட வருகிறது. சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிந்து, அறுந்து விழும். இயந்திரமும் சீட்டும் முரண்பட்டால் சீட்டின் தொகைதான் செல்லும். சிக்கல், எத்தனை சீட்டுப்பெட்டிகளை எண்ணுகிறார்கள் என்பதில் இருக்கிறது. 2019இலிருந்து ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5. கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 நிலையங்கள் கொண்ட தொகுதியில் 20 இயந்திரங்கள் பிழையானவை என்றால், எழுந்தமானமாக எடுத்த ஐந்தில் ஒன்றாவது அவற்றில் அகப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 41 சதவீதம். நான்கே இயந்திரங்கள் பிழை என்றால் 10 சதவீதம்கூட இல்லை. சில நூறு வாக்கு வித்தியாசத்தில் முடியும் தொகுதியைப் புரட்ட நான்கு இயந்திரம் போதும்.

சீட்டில் வேறு சின்னம் வந்ததாக வாக்காளர் முறையிட்டால்? எழுத்தில் உறுதியுரை கொடுக்கவேண்டும், அலுவலர் முன்னால் சோதனை வாக்குப் போடவேண்டும், முறைப்பாடு பொய்யென்றானால் தண்டனை. இயந்திரம் இருபது வாக்குக்கு ஒன்றை மட்டும் மாற்றுவதாக இருந்தால் சோதனை வாக்கு ஒழுங்காகத்தான் விழும். முறையிட்டவர்தான் குற்றவாளி. இந்த விதியை எழுதியவர்கள் மிரட்டலைப் பற்றி யோசித்த அளவுக்கு நிகழ்தகவைப் பற்றி யோசிக்கவில்லை.

கொழும்புத் தமிழர் விசேடமாகக் கவனிக்கவேண்டியது இரகசியம். இயந்திரம் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித் தொகை தரும், இந்தியாவில் அது நிலையவாரியாக வெளியாகவும் செய்கிறது. பல இயந்திரங்களை ஒன்றாகக் கூட்டும் கருவியைப் பயன்படுத்தும் யோசனை 2008இலிருந்து இருந்தும் நடைமுறைக்கு வரவில்லை. இங்கே ஜனாதிபதி, பாராளுமன்றத் தேர்தல்களின் முடிவுகள் தேர்தல் தொகுதிவாரியாகத்தான் அறிவிக்கப்படுகின்றன. கொழும்பு மாவட்டத்தில் அப்படி 15 தொகுதிகள். மத்திய கொழும்பின் முடிவைப் பார்த்து ஒரு தெருவின் மனதைச் சொல்ல முடியாது. ஆனால் கொட்டாஞ்சேனையின் ஒரு பாடசாலை நிலையத்தின் தொகை தனியே வெளிவந்தால், சுற்றியுள்ள நாலு ஒழுங்கைகள் யாருக்குப் போட்டன என்று தேர்தலுக்கு மறுநாளே தெரிந்துவிடும். சிறுபான்மையினர் செறிந்து வாழும் தோட்டத்துக்கும் தொடர்மாடிக்கும் அது சும்மா ஒரு புள்ளிவிபரம் அல்ல. 2010 ஆய்வில் இதைவிடக் கூர்மையான ஒன்றும் உண்டு. அவர்கள் திறந்த இயந்திரத்தில் வாக்குகள் விழுந்த ஒழுங்கிலேயே சேமிக்கப்பட்டிருந்தன. வாக்காளர் வந்த வரிசைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்தால் ஆளையும் வாக்கையும் சேர்த்துவிடலாம்.

கடதாசி புனிதம் என்று சொல்ல வரவில்லை. 1981 ஜூனில் யாழ். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் வாக்குப்பெட்டிகள் காணாமற்போனதை எம்மவர் மறக்கமாட்டார்கள். 1999 ஜனவரி வடமேல் மாகாண சபைத் தேர்தல், பெட்டியில் கள்ள வாக்கு நிரப்புவதற்கு இந்த நாட்டில் உதாரணமாகவே ஆகிவிட்டது. அந்த இடத்தில் இந்திய இயந்திரம் உண்மையிலேயே மேல்: எவ்வளவு அடாவடி செய்தாலும் நிமிடத்துக்கு நாலு வாக்குக்கு மேல் ஏற்றாது, 'குளோஸ்' அமத்தினால் அதற்குப் பிறகு ஒன்றும் ஏறாது. நிராகரிக்கப்படும் வாக்குகளிலும் அப்படித்தான். 2024 பாராளுமன்றத் தேர்தலில் 667,240 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன, அளிக்கப்பட்டவற்றில் 5.65 சதவீதம். பொத்தானில் செல்லாத வாக்கு என்பதே இல்லை. ஆனால் தவறி அமத்தியதைத் திருப்பி எடுக்கவும் வழியில்லை.

இயந்திரமோ பெட்டியோ, முகவரின் நோட்டுப் புத்தகம்தான் கடைசியில் நிற்கும். இந்திய முகவர் குறிக்கவேண்டியவை: மூன்று அலகுகளினதும் தொடர் எண், முடிவுப் பொத்தானின் மூடியைக் கட்டும் பச்சைத் தாள் முத்திரையின் எண், வாக்களிப்பு முடிந்ததும் 'டோட்டல்' அமத்திக் காட்டும் தொகை, பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தின் பிரதி. எண்ணும் நாளில் இதில் ஒன்று பிசகினாலும் வாயைத் திறக்கவேண்டும். இங்கே அதற்கு ஈடானது வாக்குச்சீட்டுக் கணக்கு: வந்த சீட்டு, கொடுத்தது, பழுதானது, எஞ்சியது. பெட்டியின் முத்திரையோடு முகவர் தன் முத்திரையையும் இடலாம், பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். அந்தத் துண்டுக் கடதாசிகளின் பலத்தை 2024 ஜூலை 28இல் வெனிசுவேலா காட்டியது. இயந்திரங்கள் அச்சடித்த நிலையவாரியான முடிவுத்தாள்களில் 80 சதவீதத்துக்கு மேல் எதிர்க்கட்சி முகவர்கள் சேகரித்து, எல்லாரும் பார்க்க வெளியிட்டார்கள். அதிகாரபூர்வ அறிவிப்பு அவற்றோடு ஒட்டவில்லை என்பதை உலகம் அப்படித்தான் அறிந்தது.

இங்கே இயந்திரம் வரத்தான் வேண்டுமென்றால், மறைப்புக்குள் அல்ல, எண்ணும் நிலையத்துக்குள் வரட்டும். வாக்காளர் பேனாவால் குறித்த சீட்டை ஒளிவருடி (ஸ்கேனர்) வாசித்து எண்ணும், சீட்டு அப்படியே சாட்சியாக இருக்கும். பிறகு எழுந்தமானமாகச் சீட்டுகளை உருவி, இயந்திரம் வாசித்ததோடு கையால் ஒப்பிடவேண்டும். இதற்குக் கணக்கு உண்டு. பிழையான முடிவு சோதனையில் தப்பும் வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றால், பிசகு எதுவும் அகப்படாத நிலையில், வித்தியாசம் 10 சதவீதமான போட்டிக்கு ஏறத்தாழ 62 சீட்டுப் போதும். 1 சதவீதத்துக்கு ஏறத்தாழ 620. அமெரிக்காவின் கொலராடோ 2017இலிருந்து மாநிலம் முழுக்க இப்படிச் செய்கிறது. ஆனால் ஒரே பட்டியலின் கடைசி ஆசனத்துக்கு இருவர் விருப்பு வாக்கில் மோதும்போது வித்தியாசம் சில நூறுக்கு இறங்கிவிடும். அங்கே மாதிரி எடுத்துத் தப்ப முடியாது, முழுவதையும் கையால் எண்ணவேண்டும். 2020இல் யாழ். மத்திய கல்லூரியில் விருப்பு வாக்கு முடிவு இழுபட்ட இரவின் கொந்தளிப்பை நினைவில் வைத்திருப்பவர்கள், அந்த எண்ணிக்கையை ஒரு கறுப்புப் பெட்டியிடம் கொடுக்கச் சம்மதிப்பார்களா?

ஒளிவருடியிலும் ஒரு பொறி இருக்கிறது. 2020இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் விண்டம் என்ற சிறு ஊரில், கையால் மீள எண்ணியபோது சில வேட்பாளர்களுக்கு இயந்திரத் தொகையைவிட ஏறத்தாழ 300 வாக்குகள் கூடின. அடுத்த ஆண்டு நடந்த ஆய்வில் தெரிந்தது: தபால் உறைக்காக மடித்த சீட்டின் மடிப்புக்கோடு ஒரு வேட்பாளரின் குறியிடும் வட்டத்தின் ஊடாகப் போயிருந்தது. அந்த நிழலை இயந்திரம் பேனாக் குறி என்று எடுத்துக்கொண்டு, அளவுக்கு மேல் குறியிட்ட சீட்டு என்று மற்றவர்களின் வாக்குகளை எண்ணாமல் விட்டது. அங்கே மடித்தது ஓர் இயந்திரம், அதனால் கோடு ஒரே இடத்தில் விழுந்து காரணம் பிடிபட்டது. இங்கே 27 அங்குலச் சீட்டை வாக்காளர் தானே மடிக்கிறார், ஒருவர் மூன்றாக, இன்னொருவர் எட்டாக. கேள்விப்பத்திரம் (டெண்டர்) எழுதுபவர்கள் விற்பனையாளரிடம் முதலில் கேட்கவேண்டியது, கண்டபடி மடித்துக் கசக்கிய ஆயிரம் சீட்டை எங்கள் முன்னால் ஓட்டிக் காட்டு என்பதைத்தான்.